அப்பாவின் நான்கு தாள்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஊர் மன்னார்குடியை அடுத்த ஒரு கிராமம். அப்பாவுக்கு வயது 66, விவசாயம். சர்க்கரை உண்டு. 2024 பிப்ரவரியில் வலது கண்ணில் கிளாகோமா (கண் நரம்பு மெல்லப் பழுதாகும் நோய்) என்று சொல்லி ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்புச் சோதனை) எடுத்தார்கள். அதிலிருந்து நான்கு முறை எடுத்தாகிவிட்டது. தாளில் எம்.டி. என்று போட்டிருக்கும் எண் முதலில் −4.6, ஆகஸ்டில் −8.1, 2025 பிப்ரவரியில் −3.0, இந்த செப்டம்பரில் −5.4. இரண்டாவது டெஸ்டுக்கு முந்தின ராத்திரி முழுக்க வயலில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, முதல் பஸ் பிடித்து வந்தார். அன்றைக்கு "கூடிவிட்டது" என்று சொல்லி இன்னொரு சொட்டு மருந்தும் சேர்த்தார்கள். மூன்றாவது நன்றாக வந்ததும், கண் சரியாகிவிட்டது என்று அப்பா இரண்டு மருந்தையும் நிறுத்திவிட்டார். இப்போது மறுபடி குறைந்திருக்கிறது. டெஸ்ட் எடுத்த பெண் "பெரியவர் ஒழுங்கா அழுத்தல" என்றார். அப்பா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. கோளாறு மிஷினிலா, அப்பாவிடமா, கண்ணிலா? எந்தத் தாளை நம்புவது? சென்னைக்குப் போய்விடலாமா? நான்கு தாள்களையும், கண் நரம்பின் தடிமனைப் படமெடுத்த ஓ.சி.டி. தாளையும் அனுப்பியிருக்கிறேன். எனக்கும் 41 வயதுத் தம்பிக்கும் இது வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தாள்களைப் பற்றிப் பேசும் முன் மருந்து விஷயத்தை முடித்துவிடுவோம். அப்பா நிறுத்திய மருந்தை மறுபடி தொடங்க வேண்டும், அதுவும் இந்த வாரமே. தாள்களின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கும் கண் அழுத்த எண்களைப் பார்த்தேன். சிகிச்சைக்கு முன் 26, மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது 16, இப்போது 25. அதாவது மருந்து நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. ஸ்வீடனில் புதிதாக கிளாகோமா கண்டறியப்பட்ட 255 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு உண்டு. கண் அழுத்தம் (பாதரச அளவில்) ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும்போதும் நோய் முற்றும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைகிறது என்பது அதில் தெரியவந்தது. அப்பா ஆறு மாதமாக விட்டுவைத்திருப்பது ஒன்பது மில்லிமீட்டர்.

வீட்டில் பழைய பாட்டில் கிடந்தால் அதைப் போட வேண்டாம். திறந்த சொட்டு மருந்தை ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. இரவில் போடும் லாடனோபிராஸ்டைப் புதிதாக வாங்கித் தொடங்குங்கள். இரண்டாவதாகக் கொடுத்தது டிமோலால் என்று சீட்டில் இருக்கிறது. வீசிங் உள்ளவர்களுக்கும் நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கும் அது ஆகாது. அதுவும் வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சரி, இனி தாள்களுக்கு வருவோம்.

அந்தக் கருவி என்ன கேட்கிறது என்பதை அப்பாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஒரு கண்ணை மூடிவிட்டு, தாடையை வைத்து, நடுவில் தெரியும் மஞ்சள் விளக்கையே பார்க்கச் சொல்வார்கள். சுற்றிலும் 54 இடங்களில் சின்ன வெளிச்சம் வந்து வந்து மறையும். ஒவ்வொன்றும் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் நிற்கும். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்த இடத்தில் அடுத்த வெளிச்சத்தைக் கருவி இன்னும் மங்கலாக்கும், அழுத்தாவிட்டால் பிரகாசமாக்கும். இப்படி ஏற்றி இறக்கி, அந்த இடத்தில் "தெரிகிறதா இல்லையா" என்று மனசு தடுமாறும் எல்லையைத் தேடுவதுதான் அதன் வேலை. ஆகவே எந்தக் குறையும் இல்லாத இருபது வயதுப் பையன் உட்கார்ந்தாலும் வரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதி அவனுக்குத் தெரியாது. அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள்.

இதைத் தயவுசெய்து அப்பாவிடம் சொல்லுங்கள். என்னிடம் வரும் பெரியவர்கள் பலர், பள்ளிக்கூடப் பரீட்சையில் தோற்றுவிட்ட மாதிரி அந்த அறையை விட்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். பாதி தெரியவில்லையே என்ற பயத்தில் சிலர் அடுத்த முறை தெரியாததற்கும் அழுத்துகிறார்கள். "ஒழுங்கா அழுத்தல" என்ற ஒரு வார்த்தை அதைத்தான் செய்யும். அப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை.

இப்போது உங்கள் நான்கு தாள்கள். எம்.டி. என்பது அப்பாவின் வயதுள்ள, நோயில்லாத ஒருவரோடு ஒப்பிட்டால் மொத்தப் பார்வைப் பரப்பும் சராசரியாக எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதன் கணக்கு. பூஜ்யம் என்றால் வயதுக்குத் தகுந்த பார்வை. −6 வரை தொடக்க நிலை என்றும் −12 வரை நடுத்தரம் என்றும் பொதுவாகப் பிரிப்போம். எல்லோரும் இந்த ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது தாளின் மேல் இடது பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மூன்று வரிகளை. சோதனை எப்படி நடந்தது என்பதைக் கருவியே அங்கே ஒப்புக்கொள்கிறது.

இரண்டாவது தாளை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களைப் பயமுறுத்திய −8.1. பார்வை நடுவில் நிலைத்திருந்ததா என்று கருவி 17 முறை சோதித்திருக்கிறது. 9 முறை கண் நகர்ந்திருக்கிறது. ஐந்தில் ஒன்றைத் தாண்டினாலே நாங்கள் யோசிப்போம், இங்கே பாதிக்கு மேல். முன்பு மங்கலாகக் காட்டியபோது தெரிந்த இடத்திலேயே பிரகாசமாகக் காட்டியும் அழுத்தாமல் விட்டது 30 சதவீதம். தாளின் மேல் விளிம்பு முழுக்க ஒரே கறுப்பு. அது நரம்பு போனதால் வந்த கறுப்பு மாதிரி இல்லை. இமை தாழ்ந்து மேலே மறைத்தால் இப்படி வரும். ராத்திரி முழுக்க மடையில் நின்று தண்ணீர் பாய்ச்சிவிட்டு, முதல் பஸ்ஸில் வந்து, இருட்டு அறையில் உட்கார்ந்த 66 வயதுக்காரரின் இமை வேறென்ன செய்யும்? நோய் கூடியதற்கு அந்தத் தாளில் ஆதாரம் இல்லை, தூக்கத்துக்குத்தான் இருக்கிறது. அன்று நானாக இருந்தால் மருந்தைச் சேர்ப்பதற்கு முன் சோதனையைத் திரும்ப எடுத்திருப்பேன்.

மூன்றாவது, அப்பாவைச் சந்தோஷப்படுத்திய −3.0. அதைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன். வெளிச்சம் வந்து, மூளைக்குப் போய், விரல் அசைய ஒரு நேரம் ஆகும். அதற்கும் முன்பே பொத்தான் அழுத்தப்பட்டால், அது வெளிச்சத்தைப் பார்த்து அழுத்தியது இல்லை என்று கருவி குறித்துக்கொள்ளும். இது 15 சதவீதத்தைத் தாண்டினால் தாளை நம்பக் கூடாது. அப்பாவுக்கு 22. தெரியாததற்கும் அழுத்தினால் எண் உண்மையைவிட நன்றாகத்தான் வரும். முந்தின முறை கெட்ட பெயர் வாங்கியவர், இந்த முறை ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று முனைந்திருக்கிறார். அந்த முனைப்பைத்தான் கண் குணமானதாக எடுத்துக்கொண்டு மருந்தை நிறுத்தினார். கிளாகோமாவில் ஒரு முறை போன நரம்பு இழை திரும்பி வருவதில்லை. அதனால் தாள் திடீரென்று நன்றாக வந்தால், முதலில் சோதனை எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும்.

முதல் தாள் −4.6. நம்பகத்தன்மை எண்கள் சுமார்தான், மோசமில்லை. ஆனால் ஓரங்கள் சுற்றிலும் இருண்டிருக்கின்றன. முதல் முறை உட்காருகிறவர்களுக்கு இது வழக்கம். கண் நடுவில் நிற்க வேண்டும், கவனம் மட்டும் ஓரத்துக்குப் போக வேண்டும் என்ற வித்தை பிடிபட ஒன்றிரண்டு முறை ஆகும். இந்த செப்டம்பர் தாள், −5.4, நான்கிலும் ஒழுங்காக நடந்த சோதனை. கண் நகர்ந்தது 17-ல் 2 முறை, தப்பான அழுத்தல் 4 சதவீதம். "ஒழுங்கா அழுத்தல" என்று சொன்னது இந்தச் சோதனையைத்தான் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நீங்கள் ஒரு தாளை நம்பத்தான் வேண்டுமென்றால் இதை நம்புங்கள்.

அப்படியானால் −4.6 இலிருந்து −5.4 ஆகியிருக்கிறதே, நோய் கூடியதா? இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்து நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்த நாளிலும் எம்.டி. ஒரு டெசிபல் (இந்த எண்களின் அலகு அதுதான்) இப்படி அப்படி ஆடும்.

உங்கள் வீட்டுக்குப் பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். 17 சதவீதம் என்பது வரம்பு. ஒரே குவியலில் மேலே கைவிட்டு எடுத்தால் 16 காட்டும், உள்ளே கைவிட்டு எடுத்தால் 18 காட்டும், வெயில் ஏறினால் இன்னொன்று. மேல்கையில் 16 வந்தது என்று குவியல் முழுக்கக் காய்ந்துவிட்டதாக அப்பா நினைப்பாரா? நாலு இடத்தில் கைவிட்டுப் பார்த்துத்தானே முடிவு செய்வார். ஃபீல்டு டெஸ்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கை எடுத்துப் பார்ப்பதுதான்.

இதில் நல்ல கண்ணைவிட நோயுள்ள கண் அதிகம் ஆடும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நோயே இல்லாத இடத்தில் 30 டெசிபல் வந்தால் அடுத்த வாரமும் 29, 31 என்று கிட்டத்திலேயே வரும். பாதி பழுதான இடத்தில் இன்று 14 வந்தால் அடுத்த முறை 6 வரலாம், 20-உம் வரலாம். எந்த மருத்துவரும் அதைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார். அங்கே மிச்சமிருக்கும் நரம்பு இழைகள் கொஞ்சம்தான். அவை ஒரு முறை பதில் சொல்லும், ஒரு முறை சொல்லாது. இன்னொரு காரணம் இடைவெளி. சோதிக்கும் புள்ளிகளுக்கு நடுவே 6 பாகை தூரம் இருக்கிறது. காட்டும் வெளிச்சமோ அரைப் பாகைகூட இல்லை. பழுதின் ஓரத்தில் அந்த வெளிச்சம் விழும்போது கண் ஒரு பாகை அசைந்தால் போதும், வரப்பில் வைக்க வேண்டிய கால் சேற்றில் விழுந்த கதைதான். வரப்பு இடம் மாறவில்லை.

இப்படி ஆடுவது உங்கள் அப்பாவுக்கு மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில், கண் அழுத்தம் மட்டும் அதிகமாக இருந்து பார்வைப் பரப்பு நன்றாக இருந்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2000ஆம் ஆண்டு வெளியானது. ஒழுங்காக நடந்த சோதனையில் புதிதாகக் குறை காட்டிய தாள்களை எடுத்துக்கொண்டு, அவர்களைத் திரும்ப உட்காரவைத்தார்கள். 100-க்கு சுமார் 86-இல் அந்தக் குறை மறுபடி வரவில்லை. உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே நோய் இருப்பதால் அந்தக் கணக்கு அவருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒற்றைத் தாளின் பேச்சைக் கேட்டு ஆறுதலும் கொள்ளாமல், கலங்கவும் செய்யாமல் நாங்கள் ஏன் திரும்பத் திரும்பச் சோதிக்கிறோம் என்பதற்கு அதுதான் காரணம்.

எண்ணை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். நான்கு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூக்குப் பக்கத்தில் மேல்பாதியில் ஐந்து புள்ளிகள் நான்கிலும் கறுப்பாக இருக்கின்றன. தூங்கி வழிந்த நாளிலும் இருக்கின்றன, துடிப்பாக அழுத்திய நாளிலும் இருக்கின்றன. நடுக்கோட்டுக்குக் கீழே அவை இறங்கவில்லை. ஓ.சி.டி. தாளில் நரம்பின் கீழ்ப்பக்கம் மெலிந்திருக்கிறது. மேல்பக்கப் பார்வையைச் சுமப்பது அந்தக் கீழ்ப்பக்க இழைகள்தான், ஆகவே இரண்டும் ஒத்துப்போகின்றன. நோய் உண்மை. அந்த ஐந்தும் முதல் தாளில் எங்கே இருந்தனவோ அங்கேயேதான் இப்போதும் இருக்கின்றன. நடுப்பார்வைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றும் சேரவில்லை. மருந்து விட்ட ஆறு மாதத்தையும் தாண்டி இது இப்படி இருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் 25 அழுத்தத்தில் இது இப்படியே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே என் யோசனை இது. மருந்து தொடங்கி நான்கைந்து வாரம் கழித்து அழுத்தம் பாருங்கள். அதே நாளோ, அதை ஒட்டியோ ஒரு ஃபீல்டு டெஸ்ட். இரண்டு மூன்று மாதத்தில் இன்னொன்று. செப்டம்பர் தாளோடு இந்த இரண்டையும் சேர்த்தால், இனி வரும் தாள்களை ஒப்பிட அப்பாவுக்கு இதுதான் அடித்தளம் என்று வைத்துக்கொள்ள ஏதாவது இருக்கும். மூன்றாவது தாளை அடித்தளமாக வைக்க வேண்டாம் என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படி வைத்தால் இனி வரும் ஒவ்வொரு தாளும் மோசமாகத்தான் தெரியும். நோய் கண்ட முதல் இரண்டு ஆண்டில் வருஷத்துக்கு மூன்று முறை எடுப்பது நல்லது என்பது ஐரோப்பிய மருத்துவர்களின் பரிந்துரை. பஸ் செலவு, வேலை நாள் எல்லாம் யோசித்து நம் ஊரில் பலர் வருஷத்துக்கு ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். வருஷத்துக்கு ஒன்று என்றால் உண்மையான சரிவைப் பிடிக்கப் பல வருஷம் ஆகிவிடும். இப்போதைக்கு மூன்று எடுத்துவிட்டு, நிலைத்தபின் குறைத்துக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து மூன்று சோதனைகளில் அதே மூன்று புள்ளிகளோ அதற்கு மேலோ அடித்தளத்தைவிடக் குறைந்தால்தான் நோய் முன்னேறியது என்று அந்த ஸ்வீடன் ஆய்விலேயே வைத்திருந்தார்கள். அப்படி வந்தால் மருத்துவர் மருந்தை மாற்றுவார், கூட்டுவார், லேசர் அல்லது அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார். அப்போது தள்ளிப்போடாதீர்கள்.

சோதனை நாளைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. நடவு வாரத்திலும் அறுப்பு வாரத்திலும் வேண்டாம். முறைத்தண்ணீர் வரும் ராத்திரிக்கு மறுநாள் வேண்டவே வேண்டாம். நன்றாகத் தூங்கி, காலைச் சாப்பாடும் சர்க்கரை மாத்திரையும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு மேல் போகட்டும். சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும் வாரத்தில் கண்ணாடி பவரே மாறி நிற்கும், அப்போது எடுக்கும் டெஸ்டும் மங்கலாகத்தான் வரும். கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோங்கள். கருவியில் பொருத்தும் லென்ஸை அந்தப் பவரையும் வயதையும் பார்த்துத்தான் போடுவார்கள். லென்ஸ் முகத்திலிருந்து தள்ளியிருந்தால் அதன் விளிம்பே கறுப்பு வளையமாகத் தாளில் விழும். கண்மணியை விரிக்கும் மருந்து போடுவதற்கு முன்பே ஃபீல்டு டெஸ்ட் எடுத்துவிடச் சொல்லுங்கள். இமை தொங்குவது தெரிந்தால் மெல்லிய டேப்பால் சற்றுத் தூக்கி ஒட்டச் சொல்லலாம், அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

உள்ளே போனபின் அப்பாவுக்குத் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான். கண்ணை இமைக்கலாம், இமைக்காமல் விழித்தால் கண் காய்ந்து மங்கும். பொத்தானை அழுத்தும்போதே இமைத்துக்கொண்டால் ஒன்றும் தவறாது. வெளிச்சத்தைத் தேடிப் போக வேண்டாம், அதுவாக வரட்டும். களைப்பாக இருந்தால் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் கருவி நின்றுவிடும். ஒரு மூச்சு விட்டு, விரலை எடுத்தால் மறுபடி தொடரும். இந்த ஒன்றைச் சொன்னதும் தோள் தளர்ந்து நிம்மதியாக உட்கார்ந்தவர்கள் என்னிடம் எத்தனையோ பேர். நீங்கள் கூடப் போய், சோதனை எடுப்பவரிடம் "அப்பாவுக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். அவர்களும் ஒரு நாளைக்கு இருபது முப்பது பேருக்கு எடுக்கிறவர்கள். கேட்டால் செய்வார்கள்.

அப்பாவுக்குக் கண்புரையும் தொடங்கியிருப்பதாக ஓ.சி.டி. தாளின் குறிப்பில் இருக்கிறது. புரை கூடினால் தாள் முழுவதும் ஒரே சீராக மங்கும், எம்.டி. எண்ணும் இறங்கும். தாளில் "பேட்டர்ன் டீவியேஷன்" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும் படம் அந்தப் பொது மங்கலைக் கழித்துவிட்டு, இடத்துக்கு இடம் இருக்கும் பழுதை மட்டும் காட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் அந்தப் படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

சென்னைக்கு இப்போது அவசியம் இல்லை என்பதுதான் என் எண்ணம். ஃபீல்டு டெஸ்டுக்கு அங்கே இருக்கும் ஹம்ப்ரி கருவிதான் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கிறது. ராத்திரி ரயிலில் தூங்காமல் போய் எடுக்கும் தாள் இன்னொரு ஆகஸ்ட் தாளாகத்தான் வரும். முக்கியமான விஷயம், எங்கே எடுத்தாலும் அதே கருவி, அதே முறை. உங்கள் தாளில் 24-2 என்று சோதனை முறையின் பெயர் போட்டிருக்கிறது. அடுத்ததிலும் அதுவே இருக்க வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து ஒரு அம்மா வெளியூரில் ஆக்டோபஸ் என்ற வேறு கருவியில் எடுத்த தாளோடு என்னிடம் வந்தார். முன்பு −5 இருந்தது, இப்போது +6 ஆகிவிட்டது என்று குடும்பமே மகிழ்ந்திருந்தது. அந்தக் கருவியில் இழப்பைக் கூட்டல் குறியில்தான் எழுதுவார்கள். அதை அவர்களுக்கு எடுத்துச் சொன்ன அந்தப் பத்து நிமிஷம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மருந்து போட்டும் அழுத்தம் இறங்கவில்லை, அல்லது அடுத்த தாள்களில் நடுப்பார்வைக்குப் பக்கத்தில் புதிதாகக் கறுப்பு விழுகிறது என்றால், அப்போது கிளாகோமாவுக்கென்றே இருக்கும் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். எல்லாத் தாளையும் எடுத்துப்போங்கள், மோசமான இரண்டாவதையும் சேர்த்துத்தான். எந்த நாளில் என்ன நடந்தது என்று பின்பக்கம் பேனாவால் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. அறுப்புத் தூசியில் கண் சிவந்தால் நம் பக்கம் மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுவது பழக்கம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் ஏறும். அப்பாவுக்கு அது விஷம் மாதிரி. வீட்டு அலமாரியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

உங்கள் வயதை எழுதவில்லை. கடிதத்தின் கடைசியில் தம்பிக்கு 41 என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு கிளாகோமா இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல், தொடக்கத்தில் வலியோ மங்கலோ எதுவும் தெரியாது. அப்பாவை அடுத்த முறை அழைத்துப்போகும் அதே நாளில் நீங்கள் இரண்டு பேரும் கண் அழுத்தமும் நரம்பும் பார்த்துக்கொண்டு வந்துவிடுங்கள்.